கூறைச் சேலையில் முப்பத்தொரு நட்சத்திரங்கள்

எங்கள் தேவாலயத்தின் பங்கு மலரில் ஓய்வுபெற்றவர்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுதும் பக்கம் ஒன்று உண்டு. இதுவரை அதில் ஒரு தாதி எழுதியிருக்கிறார், ஒரு ரயில் சாரதி எழுதியிருக்கிறார், பெற்றோல் நிலையம் நடத்திய ஐயா ஒருவர் இரண்டு தடவை எழுதியிருக்கிறார். எல்லோரும் நரைத்தவர்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. மடியில் எட்டு மாதக் குழந்தை. இந்தப் பக்கத்தில் எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று இரண்டு கிழமையாக யோசித்தேன். ஆனால் என் வேலை முடிந்துவிட்டது. முடிந்த வேலையைப் பற்றித்தானே இங்கே எழுதுகிறோம்?

நான் ஏழு வருடம் கிளாம் ரொக் பாடகியாக இருந்தேன். பாட்டுகளையும் நானே எழுதினேன்.

இந்த இரண்டு வரியையும் எழுதியவுடன் எழுந்து போய் ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி.

கிளாம் ரொக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பெற்றோர் லண்டனுக்கு வருவதற்கு முன்பே இங்கே பிறந்த இசை அது. கால் தரையில் படாத உயரத்துக்குச் சப்பாத்து, முகமெல்லாம் மினுக்கத் தூள், ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிப் பளபளக்கும் உடுப்பு, கூட்டம் முழுவதும் காலை உதைத்துக் கை தட்டக்கூடிய தாளம். இப்போது மறுபடியும் இளம் பிள்ளைகள் அதைத் தேடிக் கேட்கிறார்கள். அப்படித் தேடிய இரண்டு பிள்ளைகள்தான் என்னை மாட்டிவிட்டார்கள். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் அக்கா தங்கை அவர்கள். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள்.

“அக்கா, இது நீங்களா?”

“யார்?”

“நோ வே! அக்கா, உங்கட மூக்குத்தான் இது! குழந்தைக்கும் இதே மூக்கு!”

திரையில் சிவப்புப் பட்டு மேலங்கி போட்ட ஒருத்தி கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். நான் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற அம்மா முந்திக்கொண்டார்.

“ஓம், அது இவள்தான். அது போட்டிருக்கிறது என்ர கூறை.”

அம்மாவின் கலியாணச் சேலையா என்று பிள்ளைகள் திரும்பவும் திரையைப் பார்த்தார்கள். அம்மா அதோடு விடவில்லை. “இவளைக் கொண்டு பங்கு மலரில எழுதுவியுங்கோ,” என்றார். அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்பதை இதன் முடிவில் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தை நீட்ட விரும்பவில்லை. ஏழு வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழு. அம்மா விரும்பியபடி பியானோ, அப்பா விரும்பியபடி பல்கலைக்கழகத்தில் உயிரியல். பிறகு நோர்பரியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு பாடசாலையின் அலுவலகத்தில் வேலை. இருபத்தைந்து வயதுவரை நான் யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. ஒருநாள் ஸ்ட்ரெட்டத்தில் ஒரு இசைக் கருவிக் கடையின் கண்ணாடியில் சின்ன விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது: ‘பாடகி தேவை. சத்தமாகப் பாட வேண்டும். நேரத்துக்கு வர வேண்டும். வெட்கம் கூடாது.’ மூன்றில் இரண்டு என்னிடம் இருந்தது. போனேன்.

விளம்பரம் ஒட்டியவர் டோனா. சில்வர் கெற்றில் என்ற எங்கள் நால்வர் குழுவின் தலைவி, ட்ரம்ஸ் வாசிப்பவர். வாரநாட்களில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பாளராக இருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது கூட. அந்த ஏழு வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் ‘டார்லிங்’ என்பார். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் கிற்றார்காரர் உடனே தன் தவறைத் தேடத் தொடங்குவார். திருப்தி என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். வலது கையில் இருக்கும் குச்சியை விரல்களுக்கிடையில் ஒரு தடவை சுழற்றுவார், அவ்வளவுதான். அந்தச் சுழற்சி ஒன்றுக்காக நான் ஒரு பாட்டை இருபது தடவை திருத்தி எழுதியிருக்கிறேன். அவர் இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டுவார். ஏனென்று கேட்டதற்கு, “அரங்கத்தில் இருக்கும் மணிக்கூடுகள் பொய் சொல்லும். ஒரு மணிக்கூடும் சிலவேளை பொய் சொல்லும்,” என்றார்.

வேலை ஒழுங்கும் அவரிடம்தான் கற்றேன். பாடகர் குழுப் பிள்ளைகள் கேட்டதால் விபரமாக எழுதுகிறேன். மினுக்கம் பூசுவதற்கு முன் நிலத்தில் பழைய படுக்கை விரிப்பைப் போட வேண்டும். கன்ன எலும்பின் மேல் கற்றாழைக் களியை மெல்லிதாகப் பூசி, முப்பது எண்ணும்வரை பொறுத்து, மினுக்கத்தை விரல் நுனியால் ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. கண்ணிமையில் படவே கூடாது. உயரச் சப்பாத்து எல்லாவற்றுக்கும் கடைசி. அதைப் போட்ட பிறகு குனிய ஏலாது, ஆகவே போடுவதற்கு முன் தேவையானதெல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். ஒலிச் சோதனையில் முதலில் ட்ரம்ஸ், பிறகு பேஸ், பிறகு கிற்றார், கடைசியில் குரல். அதுவரை பாடகி வாயைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் மினுக்கத்தைத் தண்ணீரால் கழுவக் கூடாது. ஒட்டுநாடாவை விரலில் சுற்றி ஒற்றி எடுக்க வேண்டும். எவ்வளவு எடுத்தாலும் கொஞ்சம் மிஞ்சும். ஞாயிறு காலையில் என் பாட்டுப் புத்தகத்தில் வெள்ளித் தூள் மின்னும். நற்கருணை வாங்கப் போகும்போது கையை விரிக்கப் பயந்திருக்கிறேன்.

பாட்டுகளை 109 பஸ்ஸில் எழுதினேன். மேல் தட்டில், முன் இருக்கையில். டோனாவின் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பல்லவி இரண்டாம் தடவை வரும்போது, முன்பின் கேட்டிராதவரும் சேர்ந்து கத்த வேண்டும். ‘ஸ்ட்ரெட்டம் ஹில்லில் இறங்காதே’ என்று ஆங்கிலத்தில் ஒரு பாட்டு எழுதினேன். பஸ்ஸில் காணும் ஒருவன் தன் தரிப்பிடத்தில் இறங்கிப் போய்விடக் கூடாதே என்று ஒருத்தி தவிப்பதுதான் விஷயம். ‘இறங்காதே!’ என்ற இடத்தில் கூட்டம் காலை உதைக்கும். முதல் தடவை முந்நூறு பேர் நான் பஸ்ஸில் எழுதிய சொல்லைத் திருப்பி என்னிடமே கத்தியபோது, நான் அடுத்த வரியை மறந்து சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. உடம்பு முழுவதும் ஏறி வரும் ஒரு சத்தம் அது. என்னைப் பார்த்து யாராவது அப்படிக் கத்துவார்கள் என்று நான் அதற்குமுன் கனவிலும் நினைத்ததில்லை.

வீட்டில் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் குறொய்டன் பக்கம் வாழ்த்து அட்டை செய்யும் தொழிற்சாலையில் பகுதிநேர வேலை என்று சொல்லியிருந்தேன். முதல் மாதம் சரிவருமா என்று தெரியாததால் அப்படிச் சொன்னேன். பிறகு திருத்திச் சொல்ல நேரம் வரவில்லை. இல்லை, நேரம் வந்தது. நான்தான் சொல்லவில்லை.

இரண்டாம் வருடம் டோனா என்னை மேலும் கீழும் பார்த்து, “உன் உடுப்பு கடைசி வரிசைக்குத் தெரியவில்லை,” என்றார். கடையில் வாங்கிய பளபளப்புத் துணி எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்போது எனக்கு வீட்டில் அலுமாரிக்கு மேல் இருந்த மண்ணிறச் சூட்கேஸ் நினைவுக்கு வந்தது. அம்மா உடுத்தாத பழைய சேலைகள் அதில் இருந்தன. அடியில், ஒரு தலையணை உறைக்குள், கனமான சிவப்புப் பட்டு ஒன்று. கரையும் முந்தானையும் அசல் ஜரிகை. யாரோ ஒரு மாமி கொடுத்து அம்மா விரும்பாமல் வைத்திருக்கும் சேலை என்று நினைத்தேன்.

அது கூறையாக இருக்கலாம் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? லண்டனில் பிறந்த என் வயதுக்காரர்களுக்கு இது விளங்கும். போருக்குத் தப்பி வந்த எங்கள் வீடுகளில் எல்லோரும் சொல்வது ஒரே வசனம்: ‘எல்லாத்தையும் விட்டிட்டு வந்தம்.’ வீடு, அல்பம், பாத்திரம், சான்றிதழ், எல்லாம். அம்மாவின் கலியாணப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. படமே வரவில்லை என்றால் கூறை எப்படி வந்திருக்கும்? அம்மாவின் கூறை என்ன நிறம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பாடசாலை விடுமுறையில் வெட்டினேன். நாலு துண்டு. தோளிலிருந்து கணுக்கால்வரை விழும் மேலங்கி. மிஞ்சிய துணியில் ஒரு முழம்கூட எறிய மனம் வரவில்லை, எல்லாவற்றையும் உள்பக்கம் வைத்துத் தைத்தேன். முந்தானைக்குக் கிட்ட ஒரு சின்னக் கறை இருந்தது, துணி அந்த இடத்தில் மட்டும் விறைப்பாக. அதை மறைக்க ஒரு வெள்ளி நட்சத்திரம் தைத்தேன். ஒன்று மட்டும் இருந்தால் ஒட்டுப் போட்டது தெரியுமே என்று இன்னும் முப்பத்தொன்று தைத்தேன்.

டோனா அதைப் பார்த்தார். குச்சி ஒரு தடவை சுழன்றது.

அதன்பிறகு எங்கள் நிகழ்ச்சி ஒரே மாதிரித்தான் தொடங்கும். நான் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கைகளை விரித்து நிற்பேன். ஒளி ஜரிகையில் விழும். ட்ரம்ஸ் மட்டும் எட்டு எண்ணிக்கை. எட்டு முடிய நான் திரும்பிப் பாட வேண்டும். ஏழும் இல்லை, ஒன்பதும் இல்லை.

இப்போது அந்தக் கிழமைக்கு வருகிறேன். நான் பாடத் தொடங்கி நாலாம் வருடம் அது. வட லண்டனில் ஒரு பழைய பெரிய தியேட்டரில், பெயர்பெற்ற ஒரு குழுவுக்கு முன்னால் முப்பது நிமிடம் வாசிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை. அதற்கடுத்த வியாழக்கிழமை அம்மாவுக்கு இதய சத்திரசிகிச்சை. வால்வு மாற்ற வேண்டும். அந்தச் சனிக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து வந்து, குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அம்மா என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இஞ்ச வா. ஒரு அலுவல் சொல்லவேணும். அழப்படாது.”

“என்னம்மா?”

“அந்த மண்ணிறச் சூட்கேஸுக்குள்ள, தலையணை உறைக்குள்ள என்ர கூறை கிடக்கு. ஒப்பரேசனில ஏதும் நடந்தா அதைத்தான் எனக்கு உடுத்தி விடோணும். உங்கட மாமி வேற ஏதும் கொண்டுவந்து போடப் பாப்பா. விட்டிடாத.”

“கூறையோ? அங்கயெல்லோ விட்டிட்டு வந்தனீங்கள்?”

“ஆர் சொன்னது? சட்டைக்கு உள்ளால இடுப்பில சுத்திக்கொண்டு வந்தனான். கொழும்பில செக்கிங்கில நிண்ட பொம்பிளை எத்தினை மாதம் எண்டு கேட்டவள். நானும் ஆறு எண்டு சொல்லிப்போட்டன்.” அம்மா சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. “சனிக்கிழமை இறக்கித் தா. நாலைஞ்சு வருசமாக் கை வைக்கேல்ல, மடி மாத்தி வைக்கோணும்.”

பட்டு ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே வெடித்துவிடும். அதனால் இடைக்கிடை எடுத்து வேறு மடிப்பில் மடித்து வைப்பார்கள்.

“இப்பவே இறக்கவோ?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. இறக்க அங்கே ஒன்றும் இல்லை.

“இப்ப வேண்டாம். கொப்பர் நிக்கிறார். கூறையைக் கண்டா அந்த மனுசன் அழும். சனிக்கிழமை மத்தியானம் அவர் கோயில் மண்டபத்துக்குக் கதிரை அடுக்கப் போயிடுவார்.”

எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்குக் கணவர் இருக்கும்போது இறந்தால் கூறையுடன் போக வேண்டும் என்பது ஆசை. இதை வாசிக்கும் மாமிமாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அம்மா ஊரிலிருந்து தூக்கி வந்த ஒரே பொருளை நான் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தேன். அதைப் பலவீனமான இதயத்தோடு சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒருவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது?

புதன்கிழமை வேலை முடிந்து ரூட்டிங்கில் ஒரு சேலைக் கடைக்குப் போனேன். அதே சிவப்பு, அதே மாதிரிக் கரை என்று தேடினேன். கடைக்கார அண்ணை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டார்.

“கூறை மாதிரி வேணுமெண்டா இது வடிவு தங்கச்சி. ஆருக்குக் கலியாணம்? உங்களுக்கோ?”

“இல்லை... அம்மாவுக்கு.”

அவர் கை அப்படியே நின்றது. “அம்மாவுக்குக் கலியாணமோ?” பின்னால் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “இஞ்சேருமப்பா, லண்டன் முன்னேறிட்டுது!”

நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடிய அழுகை வந்தது. அந்தச் சேலையைக் கையில் எடுத்தேன். புதிதாக, வழுவழுவென்று இருந்தது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒருவேளை அம்மா கண்டுபிடிக்காமல் இருக்கலாம். அப்படியென்றால் அம்மா என்றைக்கோ ஒருநாள் யாரோ ஒருவருடைய சேலையில் போவார். எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் டோனாவிடம் சொன்னேன். எங்கள் ஒத்திகைக் கூடம் ரயில் பாலத்தின் கீழ் இருந்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் பேச்சை நிறுத்த வேண்டும். மூன்று ரயில் போய் முடியத்தான் நான் சொல்லி முடித்தேன். மேடை உடுப்பு பெட்டியை விட்டு மேடைக்கு மட்டுமே போக வேண்டும் என்பது குழுவின் சட்டம். அதை ஒரு மணித்தியாலத்துக்கு அம்மாவிடம் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டேன்.

“அவர் திருப்பித் தராவிட்டால்?” என்றார் டோனா.

“அது அவருடையது.”

‘டார்லிங்’ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டோனா இரண்டு மணிக்கூட்டையும் பார்த்தார். “ஒலிச் சோதனை நாலரைக்கு. ஒரு மணிக்கு நோர்பரி, இரண்டு மணிக்குப் புறப்பாடு. உடுப்பு தனியாகப் போகாது. நானும் வருகிறேன்.”

சனிக்கிழமை ஒரு மணிக்கு வானை வீட்டு வாசலில் நிறுத்தினோம். அப்பா மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தார். டோனாவின் அலங்காரம் நண்பகலிலேயே தொடங்கும். அன்றைக்கு இடது பாதி மட்டும் முடிந்திருந்தது. பாதி முகம் வெள்ளி, பாதி முகம் பல் வைத்தியரின் வரவேற்பாளர். கதவைத் திறந்த அம்மா என் காதுக்குள் கேட்டார்.

“பிள்ளை, இந்த மனுசிக்கு முகத்தில என்ன வருத்தம், தோல் நோயோ?”

“வருத்தமில்லையம்மா. இருங்கோ. உங்களுக்கு ஒண்டு காட்டோணும்.”

அம்மாவைக் கதிரையில் இருத்தி, மேலங்கியை மடியில் வைத்தேன். கிழமை முழுவதும் சொல்லிப் பார்த்த வசனங்களில் ஒன்றும் வரவில்லை. “அம்மா, இது உங்கட கூறை. நான் தெரியாமல் வெட்டிப்போட்டன்,” என்றுதான் வந்தது.

அம்மா கண்ணாடியைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கரையை விரலால் தடவிக்கொண்டு போனார்.

“எத்தினையா வெட்டினனி?”

“அம்மா...”

“கேட்டதுக்குச் சொல்லு.”

“நாலு.”

“மிச்சம்?”

“ஒண்டும் எறியேல்ல. உள்பக்கம் வைச்சுத் தைச்சிருக்கு. முழுச் சேலையும் இதுக்குள்ளதான் கிடக்கு.”

அம்மா அதைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். முகத்தோடு அணைத்து மணந்து பார்த்தார். “தலைக்கு அடிக்கிற ஸ்பிறே மணக்குது.” பிறகு ஒவ்வொரு நட்சத்திரமாகத் தொட்டு வந்தவர், ஒன்றில் நின்றார். நகத்தால் தையலை நெம்பி அதைப் பிய்த்து எடுத்தார். கீழே அந்தக் கறை.

“இது கறையில்லை. மெழுகு. கலியாணப் பூசையில கொப்பற்ர கை நடுங்கி மெழுகுதிரி சரிஞ்சது.”

நான் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். டோனா அசையாமல் நின்றார். ஒரு மணிக்கூட்டையும் பார்க்கவில்லை.

“எங்க போடுறனி இதை?”

எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வருடத்தையும். அம்மா கடைசிவரை கேட்டார்.

“ஒவ்வொரு ஞாயிறும் உன்ர தலையணை உறையில மினுக்கம். நானும் அந்த அட்டைப் பக்டறியில பிள்ளையைப் போட்டு முறிக்கிறாங்கள் எண்டு நினைச்சன். உனக்காண்டி மன்றாடினனான். அந்தத் தூள் சுவாசப்பைக்குள்ள போயிடப்படாது எண்டு.” அம்மா மெழுகுத் துளியை விரலால் தொட்டார். “கூறையை வெட்டினது தெரியாமச் செய்த பிழை. அதை விடு. நாலு வருசம் பொய் சொல்லி என்னைப் பேக்காட்டினியே, அதைத்தான் என்னால தாங்க ஏலாமக் கிடக்கு.”

அம்மா பிய்த்த நட்சத்திரத்தை நிலத்திலிருந்து பொறுக்கி எடுத்தேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. என்ன பாட்டெண்டு பாடு பாப்பம்.”

“இப்பவோ?”

“வியாழக்கிழமை நான் மயக்கத்தில கிடப்பன். இப்பத்தான் நேரம்.”

நான் டோனாவைப் பார்த்தேன். அவருக்கு எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் மேசையில் இருந்த பிஸ்கற் தகரத்தை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கரண்டியால் எட்டு எண்ணினார். எட்டு முடிய நான் பாடினேன். எங்கள் வரவேற்பறையில், மாதா சுரூபத்துக்கு முன்னால், வீட்டுச் செருப்போடு. இரண்டாம் தடவை பல்லவி வந்தபோது அம்மாவின் கால் நிலத்தில் தட்டியது. டோனா அதைப் பார்த்தார். கரண்டி ஒரு தடவை சுழன்றது.

“ஏன் ஸ்ட்ரெட்டம் ஹில்லில இறங்கப்படாது? அங்கதானே மாமி வீடு?” என்றார் அம்மா.

“அதாலதான் இறங்கப்படாது, அம்மா.”

அம்மா சிரித்த சிரிப்பில் நான் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது மேலங்கி வடிவாக மடிக்கப்பட்டு, புது மடிப்பில், டோனாவின் கையில் இருந்தது. டோனாவின் மற்றக் கையில் அம்மா பொரித்து வைத்திருந்த கட்லிஸ்.

“இண்டைக்குப் போட்டுக்கொண்டு பாடு. நட்சத்திரத்தைத் திருப்பித் தைக்காத, மெழுகு தெரியட்டும். வியாழனுக்கு முதல் எனக்குக் கொண்டுவந்து தா. அது என்ர.” பிறகு டோனாவைப் பார்த்து ஆங்கிலத்தில், “நல்லாத் தட்டுறீங்கள். கொஞ்சம் வேகம் கூட,” என்றார்.

வானில் போகும்போது டோனா கேட்டார். “கடைசியில் என்ன சொன்னார்? வேகம் கூடவா?” ஆற்றுப் பாலம் வரும்வரை விரல்களால் எட்டு எட்டாக எண்ணிப் பார்த்தார். பிறகு, “சரியாகத்தான் சொல்கிறார்,” என்றார்.

அந்தத் தியேட்டரில் நான் கண்டது போல் ஒரு கூட்டத்தை முன்பு கண்டதில்லை. மேல் மாடம்வரை தலைகள். நான் முதுகைக் காட்டிக் கைகளை விரித்தேன். ஒளி விழுந்தது. முப்பத்தொரு நட்சத்திரங்களும், இடது பக்கம் யாருக்கும் தெரியாத ஒரு மெழுகுத் துளியும். ட்ரம்ஸ் தொடங்கியது, முன்பைவிட ஒரு மாத்திரை நிதானமாக. எட்டு எண்ணித் திரும்பப் போனேன். டோனா நிறுத்தவில்லை. ஒன்பது, பத்து என்று போய்க்கொண்டே இருந்தார். ஒரு விநாடியைக்கூட யாருக்கும் கொடுக்காத டோனா பதினாறு எண்ணினார். அவ்வளவு நேரமும் ஆயிரக்கணக்கான கண்கள் அம்மாவின் கூறையைப் பார்த்தன. சத்தம் எழும்பி எழும்பிக் கூரையைத் தொட்டது. நான் திரும்பியபோது எனக்கு முகமெல்லாம் கண்ணீர். மினுக்கம் கரைந்து கழுத்தில் ஓடியது. பல்லவிக்கு அந்தத் தியேட்டரே காலை உதைத்தது. அதைப் போல ஒரு முப்பது நிமிடம் எனக்கு வாழ்க்கையில் பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தது. அது பிரசவ அறையில்.

திங்கட்கிழமை மேலங்கியைக் கொண்டுவந்து கொடுத்தேன். வியாழக்கிழமை ஆறு மணித்தியாலம் நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தோம். வீட்டில் மேலங்கி அலுமாரிக்கு மேல் தயாராக இருந்தது. தேவைப்படவில்லை. மறுநாள் தாதி ஒருவர் என்னிடம் வந்து, “பஸ் பாட்டுப் பாடுவது நீங்களா? உங்கள் அம்மா எங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்,” என்றார்.

அதன்பிறகு மூன்று வருடம் அட்டைத் தொழிற்சாலை இல்லாமல் பாடினேன். மேலங்கியை அம்மா திருப்பித் தரவில்லை. திரைச்சீலைத் துணியில் இன்னொன்று தைத்தோம், அது பரவாயில்லை. கர்ப்பம் ஐந்தாம் மாதம் ஆனபோது உடுப்பின் சிப் மூட மறுத்தது. உயரச் சப்பாத்தும் பயம். டோனாவிடம் சொன்னேன். அவர் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, குச்சியைச் சுழற்றாமல் என் கையில் வைத்துவிட்டுப் போனார். குழந்தை இப்போது அதைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பல் முளைக்கிறது. மரத்தூள் வயிற்றுக்குள் போகுமா என்று இப்போதுதான் யோசனை வருகிறது. பறிக்க வேண்டும்.

மறுபடி பாடுவேனா என்று பிள்ளைகள் கேட்டார்கள். மாட்டேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அன்றைக்கு முழுவதும் அது சரியான பதிலா என்று யோசித்தேன். வேலை முடிந்துவிட்டது என்று மேலே நிச்சயமாக எழுதியிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

அம்மா ஏன் இதை எழுதச் சொன்னார் என்று சொல்ல வேண்டும். நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது இது:

“நீ எழுதத்தான் வேணும். ஒருநாளைக்கு நான் பெட்டிக்குள்ள வெள்ளி நட்சத்திரத்தோட படுத்திருக்கேக்க, சனம் வந்து பாத்திட்டு, ‘இந்தப் பெட்டை தாய்க்கு என்னத்தைப் போட்டு விட்டிருக்கு’ எண்டு உன்னைத்தான் கதைக்கும். இப்பவே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கட்டும். அது என்ர கூறை. அதைத்தான் நான் போடுவன்.”

ஆகவே பங்கு மக்களுக்குப் பணிவாக அறியத் தருகிறேன். அந்த நாள் தூரத்தில் இருக்கட்டும். வரும்போது, அம்மாவின் தோளைச் சுற்றி இருப்பது பிழையான உடுப்பு அல்ல. முழுச் சேலையும் அதற்குள் இருக்கிறது. நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்று இருக்கும். இடது பக்கம் ஓரிடம் வெறுமையாக இருப்பதைக் கண்டு, ஒன்று விழுந்துவிட்டது என்று யாரும் தேட வேண்டாம். அந்த இடத்தில் அப்பாவின் மெழுகுதிரி.